ஆணி அடிக்கும் கருவி: காற்றில் இயங்குவதா, பேட்டரியில் இயங்குவதா?

கிராமங்களில் தச்சு வேலைக்கு இன்றும் குறைவில்லை. ஆட்டுக் கொட்டிலுக்குப் பரண், கோழிக் கூண்டு, தேனீப் பெட்டி, காய்கறி அனுப்பும் மரப் பெட்டி, மாட்டுத் தொழுவத்தின் தடுப்பு ஆகியவற்றைத் தச்சர்களைக் கொண்டும், சிறு வேலையாயின் தம் கையாலேயும் விவசாயிகள் செய்துகொள்கின்றனர். இவ்வேலைகளைத் துரிதமாக முடிக்கும் பொருட்டு, ‘நெயில் கன்’ என்று தச்சர்கள் கூறும் ஆணி அடிக்கும் கருவியை வாங்கலாமா என்ற கேள்வி கிராம சபைகளிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் எழுகின்றது. வாங்குவதாயின், கம்ப்ரசர் காற்றினால் இயங்குவதை வாங்குவதா, பேட்டரியினால் இயங்குவதை வாங்குவதா என்பது அடுத்த கேள்வி.

கடைக்காரர் தம்மிடம் உள்ளதையே சிறந்தது என்பார். அது வியாபார இயல்பு. கடன் பெற்று வாங்குபவர் நாம். அதைக் கையில் பிடித்து வேலை செய்பவரும் நாமே. ஆகையால் இவ்விரு வகைக் கருவிகளின் இயல்பையும், எவ்வேலைக்கு எது ஏற்றது என்பதையும், எந்த வேலைக்கு இரண்டுமே தேவையில்லை என்பதையும் இங்கே விளக்குவோம்.

கருவிகள் இயங்கும் முறை

முதலாவது காற்றழுத்தக் கருவி. பஞ்சர் ஒட்டும் கடையில் நாம் காணும் கம்ப்ரசரே இதற்கும் ஆதாரம். மோட்டார் காற்றை அழுத்தி ஒரு தொட்டியில் சேர்த்து வைக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாகக் காற்று கருவிக்கு வருகிறது. விசையை அழுத்தியதும் காற்று உள்ளே உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த தண்டு ஆணியை ஒரே அடியில் மரத்தினுள் இறக்குகிறது. இதற்கு 5 முதல் 7 பார் வரை, அதாவது 75 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் வேண்டும். இருசக்கர வாகனத்தின் சக்கரத்தில் நாம் நிரப்பும் அழுத்தத்தைப் போல் இஃது ஏறக்குறைய மூன்று மடங்காகும்.

இரண்டாவது பேட்டரிக் கருவி. இதற்குக் குழாயும் இல்லை, கம்ப்ரசரும் இல்லை. பெரும்பாலும் 18 வோல்ட் லித்தியம் பேட்டரி கருவியின் அடியில் மாட்டப்படுகிறது. சில கருவிகளில் ஒரு சிறு மோட்டார் கனமான சக்கரத்தை வேகமாகச் சுழற்ற, அச்சுழற்சியின் விசை ஆணியைத் தள்ளுகிறது. வேறு சிலவற்றில் அடைத்து வைத்த வாயுவை மோட்டார் ஒவ்வொரு முறையும் அழுத்தி விடுவிக்க, அது ஸ்பிரிங் போல் விரிந்து ஆணியை அடிக்கிறது. சிறு எரிவாயுக் குப்பியும் பேட்டரியும் சேர்ந்து இயக்கும் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அக்குப்பி தீர்ந்தால் புதிதாக வாங்க வேண்டும். கிராமத்தில் அது எளிதில் கிடைப்பதன்று. எனவே அவ்வகையை நாம் இங்கே கருதவில்லை.

கருவியை விட ஆணியே முதலில்

கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் ஆணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுத்தியலுக்கு எந்தக் கம்பி ஆணியும் பொருந்தும். கருவிக்கு அப்படியன்று. ஒவ்வொரு கருவியும் தனக்குரிய கனமும் நீளமும் கொண்ட ஆணியையே ஏற்கும். அவ்வாணிகள் வரிசையாக ஒட்டப்பட்டோ, கம்பியால் இணைத்துச் சுருளாகவோ விற்கப்படுகின்றன.

எஃப்-30 என்ற பெயருடன் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சிறிய காற்றுக் கருவி, 10 முதல் 30 மில்லி மீட்டர் வரை நீளமுள்ள மெல்லிய ஆணிகளை அடிப்பது. பீடிங் சட்டம், பிளைவுட், மெல்லிய பலகை ஆகியவற்றுக்கு அது போதும். ஆடு நிற்கும் பரணுக்கு அதை நம்பக் கூடாது. சிஎன்-55 என்னும் சுருள் ஆணிக் கருவி 25 முதல் 57 மில்லி மீட்டர் வரையுள்ள ஆணிகளை அடிக்கும். மரப் பெட்டி செய்வதற்கு அஃது ஏற்றது. அதனினும் பெரிய சிஎன்-80 கருவி 80 மில்லி மீட்டர் வரையுள்ள ஆணியை இறக்கும்.

மேலே உள்ள பலகையின் கனத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள ஆணி வேண்டும் என்பது தச்சர்களின் பொது விதி. 20 மில்லி மீட்டர் பலகைக்கு 60 மில்லி மீட்டர் ஆணி என்று கணக்கிடலாம். நமக்கு வேண்டிய ஆணி அருகிலுள்ள நகரத்தில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறதா என்று விசாரித்த பின்னரே கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டும். கருவி மலிவாகவும் ஆணி அரிதாகவும் இருப்பின், சில மாதங்களில் அது பரணில் கிடக்கும் பொருளாகிவிடும்.

காற்றுக் கருவியின் நன்மையும் தொல்லையும்

காற்றுக் கருவியின் அமைப்பு எளியது. உள்ளே மின்சாரப் பகுதி ஏதும் இல்லை. தேய்ந்து போவது பெரும்பாலும் ரப்பர் வளையங்களே, அவற்றை மாற்றிக்கொள்ளலாம். சிறிய கருவியின் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. அதே ஆணியை அடிக்கும் பேட்டரிக் கருவி ஏறக்குறைய இரு மடங்கு கனமாக இருக்கும். நாள் முழுதும் கையை உயர்த்தி வேலை செய்பவருக்கு இவ்வேறுபாடு மாலையில் தெரியும். கருவியின் விலையும் பேட்டரிக் கருவியின் விலையில் ஒரு சிறு பகுதியே. ஆனால் கம்ப்ரசரின் விலையையும் அதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரசரின் அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 25 லிட்டர் தொட்டியில் 8 பார் அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். அது 5 பாராகக் குறையும் வரை நமக்குப் பயன்படும் காற்று சுமார் 75 லிட்டர். பெரிய ஆணி ஒன்றுக்குச் சுமார் 2 லிட்டர் காற்று செலவாகும். ஆகவே முப்பத்தைந்து ஆணிகளுக்குப் பின் மோட்டார் மீண்டும் ஓடியாக வேண்டும். மெல்லிய சிற்றாணியாயின் ஒன்றுக்கு அரை லிட்டர் போதும். நூற்றைம்பது ஆணி அடிக்கலாம். நிமிடத்திற்குப் பதினைந்து பெரிய ஆணி அடிப்பவருக்கு நிமிடத்திற்கு 30 லிட்டர் காற்று இடைவிடாது வேண்டும். கம்ப்ரசர் வாங்குமிடத்தில் தொட்டியின் பருமனை மட்டும் கேளாமல், வேலை செய்யும் அழுத்தத்தில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்று தரும் என்பதையும் கேட்டறிதல் அவசியம்.

கம்ப்ரசருக்கு மின்சாரம் வேண்டும். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து மோட்டாரை ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து, மோட்டார் கிளம்ப இயலாமல் சூடேறிக் கெடும். மின் ஒயரைக் குட்டையாக வைத்துக் காற்றுக் குழாயை நீளமாக வைத்துக்கொள்வதே முறை. இங்கே மற்றொன்றையும் கூற வேண்டும். பாசனப் பம்புசெட்டுக்கென வழங்கப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து பெட்டி செய்யும் தொழிலுக்கு மின்சாரம் எடுப்பது விதிக்கு மாறானது; அபராதத்திற்கு உள்ளாக்கும். தொழிலுக்குத் தனி இணைப்புப் பெறுதலே தகும்.

பராமரிப்பு பெரிதன்று, ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டியது. அழுத்தப்பட்ட காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் நீராகத் தேங்கும். மாலையில் அடித் திருகைத் திறந்து அந்நீரை வெளியேற்றாவிடில் தொட்டி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். காலையில் கருவியின் காற்று வாயில், அதற்கென விற்கப்படும் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெயோ பழைய என்ஜின் ஆயிலோ உதவாது.

பேட்டரிக் கருவியின் நன்மையும் தொல்லையும்

தோப்பு நடுவிலோ, மின்கம்பம் எட்டாத மேட்டு நிலத்திலோ வேலி அடைக்கவும் கூண்டு பழுதுபார்க்கவும் செல்பவருக்குப் பேட்டரிக் கருவி பெருஞ்சௌகரியம். குழாய் காலில் இடறாது. ஏணி மீது வேலை செய்கையில் குழாயைப் பின்னால் இழுக்க வேண்டியதில்லை. கம்ப்ரசரின் இரைச்சல் இல்லாமையால் கன்றுகாலிகள் மிரளா. ஒரு முறை மின்னேற்றினால் சிற்றாணிகள் பல நூறு அடிக்கலாம். பத்து ஆணி அடிக்க வேண்டிய வேலைக்குக் கம்ப்ரசரைத் தூக்கி வந்து, காற்று நிரம்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தொல்லைகளும் உண்டு. பேட்டரி என்பது ஆண்டுகள் செல்லச் செல்ல வலிமை குன்றும் பொருள். உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் அது முதுமை அடையும். தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் வண்டியினுள்ளும் வைத்தால் இன்னும் விரைவில் கெடும். நம் கோடையில் 40 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறுகையில் பல சார்ஜர்கள் மின்னேற்ற மறுத்துவிடும். ஒரு கம்பெனியின் பேட்டரி மற்றொரு கம்பெனியின் கருவிக்குப் பொருந்தாது. ஆனால் ஒரே கம்பெனியின் டிரில், ரம்பம், ஆணிக் கருவி ஆகியவற்றை ஒரே பேட்டரியால் இயக்கலாம். ஏற்கெனவே பேட்டரி டிரில் வைத்திருப்பவர், அதே பேட்டரி பொருந்தும் கருவியைக் கருதுதல் சிக்கனமாகும்.

கெட்ட பேட்டரியைக் குப்பையில் எறிவதும் எரிப்பதும் ஆபத்து. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகள் திரும்பச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்படுவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு. வாங்கும்போதே கடைக்காரரிடம் திரும்பப் பெறும் ஏற்பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

மரமும் பார்க்க வேண்டும்

மலைவேம்பு, சில்வர் ஓக், ரப்பர் மரம் போன்றவற்றில் இரு வகைக் கருவிகளும் நன்றாக வேலை செய்யும். பனஞ்சட்டம், வைரம் பாய்ந்த வேம்பு, கருவேலம் ஆகியவற்றில் மெல்லிய ஆணி வளையும். சில வேளை பக்கவாட்டில் திரும்பி வெளியே வரும். இத்தகைய மரங்களுக்கு டிரில்லால் துளையிட்டுத் தடித்த ஆணியோ திருகாணியோ இடுவதே உறுதியானது. சவுக்குக் கம்பு உருண்டையாக இருப்பதால் கருவியின் மூக்கு வழுக்கும். அதைப் போல்ட் கொண்டு இணைத்தல் நன்று. கூரைத் தகரத்தை இரும்புச் சட்டத்தில் பொருத்துவதும் இக்கருவியின் வேலையன்று. அதற்கெனத் திருகாணிகள் இருக்கின்றன.

ஆட்டுக் கொட்டிலில் சிறுநீர் படுமிடங்களில் சாதாரண ஆணி விரைவில் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய ஆணி கருவிக்குப் பொருந்தும் வடிவில் கிடைக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

யாருக்கு எது வேண்டும்: இரு கணக்குகள்

ஒரு விவசாயி 18 ஆடுகளுக்குப் பரண் அமைப்பதாகக் கொள்வோம். வளர்ந்த ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வீதம் 18 சதுர மீட்டர். அதாவது 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும். 5 சென்டி மீட்டர் அகலமுள்ள ரீப்பர்களை ஒன்றரைச் சென்டி மீட்டர் இடைவெளி விட்டு அடுக்கினால் 92 ரீப்பர்கள் வேண்டும். அடியில் 60 சென்டி மீட்டருக்கு ஒன்றாக 6 தாங்குசட்டங்கள். சந்திப்பு ஒன்றுக்கு இரண்டு ஆணி வீதம், மொத்தம் 1,104 ஆணிகள்.

சுத்தியலால் ஆணி ஒன்றுக்கு 15 விநாடி ஆனால், முழு வேலைக்கும் 4 மணி 36 நிமிடம். கருவியால் 4 விநாடி ஆனால் 1 மணி 14 நிமிடம். மிச்சமாகும் நேரம் 3 மணி 22 நிமிடம். அப்பரணை மீண்டும் அமைக்கப் பல ஆண்டுகள் ஆகும். மூன்றரை மணி நேரத்திற்கும் குறைவான உழைப்பை மிச்சப்படுத்துவதற்காகக் கடன்பட்டுக் கருவி வாங்குவது அறிவுடைமையாகாது. அவருக்கு வேண்டியது ஒரு நல்ல சுத்தியல், ஒரு குறடு, உதவிக்கு ஓர் ஆள். உழவுக்கு டிராக்டரை வாடகைக்கு எடுப்பதைப் போல், விரும்பினால் கருவி வைத்திருக்கும் தச்சரை ஒரு நாள் அமர்த்திக்கொள்ளலாம்.

இனி, ஒரு மகளிர் குழு தக்காளிக்கும் மாம்பழத்திற்கும் மரப் பெட்டி செய்வதாகக் கொள்வோம். பெட்டிக்கு 40 ஆணி; நாளொன்றுக்கு 50 பெட்டி; ஆக 2,000 ஆணிகள். சுத்தியலால் 8 மணி 20 நிமிடம். கருவியால் 2 மணி 13 நிமிடம். ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேர உழைப்பு மிச்சமாகிறது. அந்நேரத்தில் இன்னும் பெட்டிகள் செய்யலாம். வேலை ஒரே கொட்டகையில் நடக்கிறது. மின்சாரம் பக்கத்தில் இருக்கிறது. இவர்களுக்குச் சந்தேகமின்றிக் கம்ப்ரசரும் சுருள் ஆணிக் கருவியுமே ஏற்றவை. ஒரே கம்ப்ரசரிலிருந்து, அதன் காற்றளவு போதுமாயின், இரண்டு கருவிகளையும் இயக்கலாம்.

பேட்டரிக் கருவி யாருக்கு ஏற்றது எனில், ஊர் ஊராகச் சென்று வேலை செய்யும் தச்சருக்கு. பண்ணைகள் பலவற்றில் கூண்டும் தடுப்பும் பழுதுபார்ப்பவருக்கு. மின்சாரமில்லாத இடத்தில் வாரந்தோறும் வேலை உள்ளவருக்கு. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் ஆணி அடிப்பவர் அதை வாங்கினால், வேலை வரும் நாளில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

இதிலிருந்து பெறப்படும் விதி எளிது. வேலை ஒரே இடத்தில், நாள்தோறும், மிகுதியாக இருப்பின் காற்றுக் கருவி. வேலை பல இடங்களில், சிறிது சிறிதாக, ஆனால் அடிக்கடி இருப்பின் பேட்டரிக் கருவி. எப்போதோ ஒரு முறை எனில் சுத்தியல்.

உடலுக்கு வரும் ஆபத்து

எக்கருவியை வாங்கினாலும் ஒன்றை மறத்தலாகாது. சுத்தியல் தவறினால் விரல் நசுங்கும். இக்கருவி தவறினால் ஆணி கையைத் துளைத்துச் செல்லும், கண்ணையும் பறிக்கும். அமெரிக்க நாட்டின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டில், இக்கருவிகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 முறை மக்கள் அவசர சிகிச்சைக்கு வர நேர்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

விபத்தைக் குறைப்பதில் விசையின் அமைப்பு முக்கியமானது. ஒரு வகையில், விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கை மரத்தில் தட்டும்போதெல்லாம் ஆணி பாயும். இது வேகமானது, ஆனால் மூக்கு தவறித் தொடையிலோ பக்கத்து ஆளிடமோ பட்டாலும் ஆணி பாயும். மற்றொரு வகையில், முதலில் மூக்கை மரத்தில் அழுத்தி, பின்னரே விசையை இழுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் விசையை விட்டு மீண்டும் இழுக்க வேண்டும். முதல் வகையில் விபத்து இரு மடங்கு என்று மேற்கூறிய கையேடு கூறுகிறது. ஆதலால் இரண்டாம் வகை விசையையே கேட்டு வாங்குக.

மேலும் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கண்ணாடியும் காதடைப்பும் அணியாமல் கருவியைத் தொடலாகாது.

2. மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஓர் அடியாவது விலகியிருக்க வேண்டும். ரீப்பரைக் கையால் பிடிப்பதைவிடக் கிளாம்ப் கொண்டு இறுக்குதல் நன்று.

3. ஆணி சிக்கிக்கொண்டால், முதலில் காற்றுக் குழாயைக் கழற்றுக. பேட்டரிக் கருவியாயின் பேட்டரியைக் கழற்றுக. பின்னரே சிக்கலை எடுக்க வேண்டும்.

4. கம்ப்ரசர் இல்லையென்று வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரையோ வேறு வாயு சிலிண்டரையோ கருவியில் இணைப்பது உயிருக்கே ஆபத்து. கருவி வெடித்துச் சிதறும்.

5. வேலையிடத்தில் குழந்தைகளை விடலாகாது. உணவு வேளையில் கருவியைக் குழாயுடனோ பேட்டரியுடனோ விட்டுச் செல்லக் கூடாது.

6. ஆணி உடலில் பாய்ந்தால் வீட்டில் பிடுங்க முயலாமல், அப்படியே அசையாது வைத்து மருத்துவமனைக்குச் செல்க. டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

மகளிர் குழுவோ இளைஞர் குழுவோ இக்கருவிக்குக் கடன் கேட்டு வருகையில், உறுப்பினர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை ஆணி அடிப்பீர்கள்? வேலை நடக்குமிடத்தில் முறையான மின் இணைப்பு உண்டா? பொருந்தும் ஆணியும் உதிரி பாகமும் எந்தக் கடையில் கிடைக்கின்றன? கருவியைக் கையாளப் பழகியவர் யார்? இந்நான்கிற்கும் தெளிவான விடை இருப்பின் கடனுக்குப் பரிந்துரைக்கலாம். விடை இல்லையாயின், முதலில் ஒரு மாதம் வாடகைக் கருவியைக் கொண்டு தொழிலை நடத்திப் பார்க்குமாறு கூறுதல் அவர்களுக்கே நன்மை பயக்கும். தொழில் நன்கு நடந்தால், மானியத்துடன் கூடிய கடன் வசதிகளைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

சிறு விவசாயிகள் தனித்தனியே வாங்குவதைவிட, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கருவியை வைத்துக்கொள்வதும் கருதத்தக்கது. அவ்வாறாயின் யார் பொறுப்பில் இருக்கும், பழுதுச் செலவை யார் ஏற்பது, பேட்டரியை யார் மின்னேற்றி வைப்பது என்பவற்றை முதல் நாளே ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது பிற்காலத்துப் பிணக்கைத் தவிர்க்கும்.

வாங்குமுன் நம் வேலையில் உள்ள ஆணிகளை ஒரு தாளில் எண்ணிப் பார்ப்போம். அந்தக் கணக்குக் காற்றுக் கருவியைக் காட்டினால் அதை வாங்குவோம். பேட்டரிக் கருவியைக் காட்டினால் அதை வாங்குவோம். சுத்தியல் போதும் என்று காட்டினால், அப்பணத்தில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் கூடுதலாக வாங்கிப் பரணில் விடுவோம்.